‘மட்டும் இருந்தா’ என்று தொடங்குங்கள்

காசிமேட்டில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாலை ஆங்கில ட்யூஷன் எடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். செகண்ட் கண்டிஷனலை அப்போதுதான் நடத்துவேன். இப்போது இல்லாத ஒன்றை, இருந்தால் எப்படி என்று பேசும் இலக்கணப் பாடம் அது. அந்த நாட்களில் பிள்ளைகளிடம் அதற்குச் சொந்த உதாரணமே இருக்கும்.

முதலில் உண்மையைச் சொல்ல வைப்பேன்: இப்போது தடை, அப்பா வீட்டில் இருக்கிறார். அப்புறம் அதைப் புரட்ட வேண்டும். ‘இஃப் தேர் வேர் நோ பேன் நவ், மை ஃபாதர் வுட் பி அட் சீ.’ இஃப் பக்கம் இறந்தகால வினை. மறுபக்கம் வுட், அதையடுத்து மாறாத வினை.

“நவ்னு சொல்றோம், அப்புறம் ஏன் மிஸ் இறந்தகாலம்?” என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. பதில் தமிழிலேயே இருக்கிறது. வந்தான், வந்தால், போனான், போனால். ‘நாளைக்கு வந்தால்’ என்கிறபோதும் உள்ளே இருப்பது இறந்தகால வடிவம்தான். நமக்கு இது புதிதே இல்லை.

தடுக்குவது வேறு இடத்தில். நடக்கக்கூடியதற்கும் இல்லாததற்கும் நாம் ஒரே ‘இருந்தால்’ சொல்கிறோம். ஆங்கிலம் பிரித்துச் சொல்கிறது. அதற்கு நான் சொல்லித்தரும் வழி, ‘மட்டும்’ சேர்த்துப் பார்ப்பது. “மழை வந்தா உள்ளே போயிடுவோம்” சாதாரணப் பேச்சு. அதற்கு ‘இஃப் இட் ரெய்ன்ஸ், வி வில்’ போதும். “எங்கிட்ட மட்டும் ஒரு போட்டு இருந்தா” என்று ஏக்கத்தோடு வந்தால் பெரும்பாலும் ஹேட், வுட்.

அடுத்தது சங்கிலி. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முடித்த வினையில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ‘இஃப் ஐ ஹேட் எ போட், ஐ வுட் கேட்ச் வஞ்சிரம்.’ ‘இஃப் ஐ காட் வஞ்சிரம், ஐ வுட் செல் இட்.’ ‘இஃப் ஐ சோல்ட் இட், ஐ வுட் பை எ நியூ நெட்.’ கேட்ச் காட் ஆகிறது, செல் சோல்ட் ஆகிறது. மனப்பாடம் செய்யச் சொன்னால் நிற்காத வினைகள் இப்படி வாயில் நின்றுவிடும். ‘இஃப் ஐ வுட் ஹேவ்’ என்று வந்தால் திட்டாதீர்கள். அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நோட்டில் எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கடைசி ஐந்து நிமிடம் இரண்டு இரண்டு பேராக. ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்வாள். மற்றவள் நம் ஊர் ‘நானா இருந்தா’வை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். “கணக்கே வரலடி” என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவள் யோசிக்கவே இல்லை: ‘இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் சிட் வித் மீ.’