சாவி யாரிடம் இருக்கிறது? சிறு கடைகளின் இணையதளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, இனிப்புக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "வெப்சைட்டைத் திறந்தா ஏதோ எச்சரிக்கை வருது. காலையிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரலை." போய்ப் பார்த்தால் யாரும் ஹேக் செய்திருக்கவில்லை. தளத்தின் எஸ்எஸ்எல் சான்றிதழ் முந்தைய இரவு காலாவதியாகி இருந்தது, அவ்வளவுதான். அதைப் புதுப்பிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஹோஸ்டிங் கணக்கின், அதாவது தளத்தை வைக்க இடம் வாடகைக்கு எடுத்த கணக்கின், பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. தளத்தைச் செய்து கொடுத்த பையன் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டான். கணக்கு அவனுடைய பழைய மின்னஞ்சலில் கிடந்தது. வருடத்தின் பெரிய வியாபாரம் நடக்கும் நாட்களில் ஒன்றரை நாள் கடை மூடிக் கிடந்த மாதிரிதான்.

சிறு கடைகளின் தளங்களைப் பார்த்துக்கொடுக்கும் வேலையில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கெட்டிக்கார ஹேக்கரால் வரும் சேதத்தைவிட, சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பதால் வரும் சேதம் அதிகம்.

முதலில் இந்தச் சான்றிதழ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வாடிக்கையாளர் உங்கள் தளத்தில் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி அனுப்புகிறார். அது அவருடைய வைஃபை, இணைய நிறுவனம், நடுவில் இருக்கும் பல கருவிகள் எல்லாவற்றையும் தாண்டி உங்கள் சர்வருக்கு, அதாவது தளம் இருக்கும் கணினிக்கு, வருகிறது. முகவரி வெறும் எச்டிடிபி என்று தொடங்கினால், அந்தத் தகவல் அஞ்சலட்டையில் எழுதியதைப் போல வரும். வழியில் கை வைக்கிற யாரும் படிக்கலாம். எச்டிடிபிஎஸ் என்றால் குறியாக்கம் செய்து, அதாவது பிறருக்குப் புரியாதபடி மாற்றி, ஒட்டிய உறையில் வரும்.

படிக்க முடியாது என்பதோடு, வழியில் யாரும் திருத்தவும் முடியாது. இந்த இரண்டாவது பயன் பலருக்குத் தெரிவதில்லை. குறியாக்கம் இல்லாத பக்கத்தில் நடுவில் இருப்பவர் விளம்பரத்தைச் செருகலாம், உங்கள் யுபிஐ ஐடியையே மாற்றி வைக்கலாம். "எங்க சைட்ல வெறும் போட்டோவும் அட்ரஸும்தான் இருக்கு, எங்களுக்கு எதுக்கு எஸ்எஸ்எல்?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். படிக்க ரகசியம் எதுவும் இல்லாமல் இருக்கலாம், மாற்றுவதற்கு நிறைய இருக்கிறது.

2018 ஜூலையிலிருந்து கூகுள் குரோம் எச்டிடிபி தளங்கள் எல்லாவற்றையும் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. அதைப் பார்த்து வாடிக்கையாளர் திரும்பிப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. செலவும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து சான்றிதழை இலவசமாகத் தருகிறது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் அதைத் தங்கள் பேனலிலேயே (கணக்கின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலேயே) வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழில் குறியாக்கம் இதைவிட வலுவாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சான்றிதழைப் போட்டுவிட்டு, பழைய எச்டிடிபி முகவரியை அப்படியே திறந்து விடுவதும் நிறைய நடக்கிறது. பழைய விசிட்டிங் கார்டில், பழைய லிங்க்கில் வருகிறவர் அதே திறந்த வழியாகத்தான் வருவார். எல்லாரையும் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் அமைப்பு பேனலில் பெரும்பாலும் ஒரே பட்டன்தான்.

அப்புறம் புதுப்பித்தல். லெட்ஸ் என்கிரிப்ட்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். காலாவதி ஆகப்போகிறது என்று முன்பு மின்னஞ்சல் அனுப்புவார்கள். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கினாலும் இனி ஒரு வருடம் நிம்மதி என்று உட்கார முடியாது. சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள் என்று முடிவாகிவிட்டது. கையால் புதுப்பிக்கிற பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. தானாகப் புதுப்பிக்கும்படி வைக்க வேண்டும், அது உண்மையிலேயே நடக்கிறதா என்று மாதம் ஒருமுறை நீங்களே பார்க்க வேண்டும்.

"முகவரிக்குப் பக்கத்துல பூட்டு படம் காட்டுது, அப்போ சேஃப்தானே?"

வழிக்குத்தான் அது காவல், வீட்டுக்கு இல்லை. சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்று: நீங்கள் இந்த டொமைனோடுதான் (இந்த இணைய முகவரியோடுதான்) பேசுகிறீர்கள், நடுவில் யாரும் இல்லை. அந்த டொமைனை நடத்துகிறவர் நல்லவரா, அந்தத் தளத்துக்குள் ஏற்கெனவே யாராவது புகுந்திருக்கிறார்களா என்றெல்லாம் அது சொல்லாது. மோசடித் தளங்களும் இதே இலவசச் சான்றிதழை வாங்கிக்கொள்கின்றன. மக்கள் அந்தப் பூட்டைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023 செப்டம்பரில் குரோம் முகவரிப் பட்டையிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

"நம்ம கடையைப் போய் யார் ஹேக் பண்ணப் போறாங்க?"

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இந்தக் கேள்விதான். உங்கள் கடையை யாரும் குறிவைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை. தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகின்றன. புதிதாகச் சான்றிதழ் வாங்கியதும் உங்கள் டொமைன் பெயர் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும். அதைப் பார்த்தே சில நிரல்கள் வந்துவிடும். எந்தத் தளத்தின் சர்வர் பதிவை எடுத்துப் பார்த்தாலும் வேர்ட்பிரஸ் (பலரும் தளம் செய்யப் பயன்படுத்தும் மென்பொருள்) லாகின் பக்கத்தைத் தேடி வந்தவர்களின் வரிசை தெரியும். அது வேர்ட்பிரஸ் தளமே இல்லை என்றாலும்கூட.

அவர்களுக்கு உங்கள் ஊறுகாய் வேண்டாம், உங்கள் சர்வர் வேண்டும். அதிலிருந்து ஸ்பேம் அனுப்பலாம், போலி வங்கிப் பக்கத்தை ஒளித்து வைக்கலாம். எனக்குத் தெரிந்த ஊறுகாய்க் கடை ஒன்றின் தளத்தில் ஆயிரக்கணக்கில் ஜப்பானிய மொழிப் பக்கங்கள் முளைத்திருந்தன. கடைக்காரர் முகவரியை அடித்துத் திறந்தால் எல்லாம் வழக்கம்போலத் தெரியும். கூகுளுக்கு மட்டும் அந்தப் பக்கங்களைக் காட்டும்படி எழுதியிருந்தார்கள். தேடலில் கடையின் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்து வருகிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கூகுள் சர்ச் கன்சோலில், அதாவது தேடலில் தளம் எப்படி இருக்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சேவையில், தளத்தைச் சேர்த்து வைத்திருந்தால் முன்பே எச்சரிக்கை வந்திருக்கலாம். அது இலவசம்தான். அதில் உங்களுக்குத் தெரியாத ஒருவர் உரிமையாளராகச் சேர்ந்திருக்கிறார் என்று மின்னஞ்சல் வந்தால் அன்றைக்கே விசாரியுங்கள். புகுந்தவர்கள் தங்களையே அப்படிச் சேர்த்துக்கொள்வது உண்டு.

உள்ளே வர அவர்களுக்குப் பெரும்பாலும் வழியாக இருப்பது பழைய பிளக்இன், அதாவது தளத்தோடு சேர்க்கும் கூடுதல் நிரல். 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற வேர்ட்பிரஸ் பிளக்இன்னில் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் சர்வரில் கோப்பு ஏற்றலாம் என்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. திருத்தம் உடனே வந்தும், அப்டேட் செய்யாதவர்கள் மாட்டினார்கள். பயன்படுத்தாத பிளக்இன்னை நிறுத்தி வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். கோப்பு சர்வரில் இருக்கும்வரை அதை நேரடியாகக் கூப்பிட வழி இருக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய 'தீம்' (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) ஒன்றை டெலிகிராமில் இலவசமாக இறக்கிப் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பூட்டை உடைத்துக் கொடுப்பவர் உள்ளே இன்னொரு கதவும் வைத்துத்தான் கொடுப்பார்.

பேக்கப் எடுப்பவர்களும் ஒரு தப்பு செய்கிறார்கள். முழுத் தளத்தையும் ஜிப் கோப்பாக்கி, பேக்கப் என்றே பெயர் வைத்து, அதே சர்வரில் எல்லாரும் இறக்கிக்கொள்ளக் கூடிய இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கதவு தட்டும் நிரல்கள் இந்தப் பெயரைத்தான் முதலில் கேட்கும். வாடிக்கையாளர் பட்டியல், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எல்லாம் ஒரே பொட்டலமாகப் போய்விடும். பேக்கப் வேறு இடத்தில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

தேவைக்கு மேல் வாங்கி வைப்பதும் ஆபத்துதான். முறுக்கு அனுப்ப ஆதார் நகல் எதற்கு? கார்டு எண்ணைச் சேமிக்கவே கூடாது; 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கடைக்காரர் அதை வைத்திருக்க முடியாது. பணம் வாங்கும் வேலையைப் பேமெண்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) பார்த்துக்கொள்ளட்டும். தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவ்வளவு தொகை ஒரு சிறு கடைக்கு வருமா என்பது வேறு பேச்சு. வாங்காத தகவல் திருடு போகாது என்பதை நினைவில் வைத்தால் பாதிப் பாரம் குறையும். பழைய படிவங்களில் குவிந்து கிடக்கும் முகவரிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழியுங்கள்.

சரி, சாவிக்கு வருவோம். டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல் மூன்றும் கடைக்காரர் பெயரில், கடைக்காரர் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளம் செய்பவருக்குத் தனியாக ஒரு கணக்கு கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கடைப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். மூன்றில் முக்கியமானது மின்னஞ்சல். மற்ற எல்லா பாஸ்வேர்டையும் அதை வைத்தே மாற்றிவிடலாம் என்பதால், இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறையை) அதில்தான் முதலில் போட வேண்டும். தளத்தில் இருக்கும் க்யூஆர் கோடை அவ்வப்போது உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து, பெயர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். மாறியிருந்து யாராவது பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

நண்பர் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். டொமைன் எங்கே வாங்கியது, எப்போது முடிகிறது, ஹோஸ்டிங் யாரிடம், சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கிறதா, கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று நான்கைந்து வரி. ஜிஎஸ்டி காகிதங்களோடு அதே பீரோவில் இருக்கிறது. பீரோ எங்கே என்று அவர் மனைவிக்கும் தெரியும்.