பழைய பைப் ஆர்கனைக் கழற்றி இடம் மாற்றுவது எப்படி

இங்கிலாந்தில் மூடப்பட்ட தேவாலயங்களின் விக்டோரியா கால பைப் ஆர்கன்கள் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும் பெரிய இசைக்கருவிகள்) பல ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் போயிருக்கின்றன. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயமென்றால் திருச்சபையின் எழுத்துமூல அனுமதி வாங்காமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

கழற்றுமுன் எல்லாவற்றையும் படமெடுங்கள், அளவெடுங்கள். முதலில் வெளிவருவது குழாய்கள். பிறகு விசைப்பலகையின் இணைப்புகள், குழாய்கள் நிற்கும் காற்றுப்பெட்டிகள், காற்றூட்டும் துருத்தி, கடைசியில் சட்டகம்.

குழாய்தான் தலைவலி. ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம், விரல் அழுத்தினாலே நசுங்கும். பருத்திக் கையுறை போட்டு, அடிக்கூம்பையும் உடலையும் இரு கையாலும் தாங்கித் தூக்குங்கள். ஒலி பிறக்கும் வாய்ப்பிளவில் கை வைத்தால் குரலே மாறிவிடும். உடலில் பொறித்திருக்கும் சுர எழுத்தைப் பார்த்து, வரிசை வாரியாக அமிலமற்ற தாளில் சுற்றி, தட்டுகளில் படுக்க வையுங்கள். சுமார் 2.4 மீட்டர் நீளமுள்ள எட்டடிக் குழாயைச் சுவரில் சாய்த்துவைத்தால் தன் எடையிலேயே வளையும். ஓக் மரப்பெட்டி வேண்டவே வேண்டாம்: அதிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி நஞ்சு. கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள்.

துருத்தியின் தோல் கிழிந்திருந்தால் புதுத் தோலைச் சூடான விலங்குப் பசையால் ஒட்டுங்கள். நாளை வெந்நீர் விட்டால் பிரிந்துவரும். செயற்கைப் பசை அப்படி வராது.

புதிய இடத்தில் ஈரப்பதம் ஏறி இறங்கினால் காற்றுப்பெட்டி மரம் வெடிக்கும், காற்று கசிந்து அழுத்தாத சுரமும் முனகும். சில வாரம் பொறுத்துச் சுருதி சேருங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் சுருதி சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) உயரும்.