ரிமோட்டில் ஓகே அழுத்தினால் காசு போகிறதா?

எங்கள் வீட்டு டிடிஎச் ரீசார்ஜ் மாதம் முடியும் முன்பே தீர்ந்துகொண்டிருந்தது. ஆப்பில் கணக்கைப் பார்த்தால் சமையல், சிறுவர் பாட்டு, பக்தி என்று விதவிதமான சேவைகளுக்குத் தினசரி பிடித்தம். சேனல் மாற்றும்போது திரை ஓரத்தில் ஒரு விளம்பரக் கட்டம் வரும். அதைப் போக வைக்க அம்மா ஓகே அழுத்துவார். கட்டம் போகும், சந்தா சேரும். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. 'வேண்டாம்' என்று ஒரு வழியும் காட்டாமல் கட்டத்தை வடிவமைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். "இலவசக் காலம் முடிஞ்சா தானா தொடரும் சார்" என்றார்கள். சரி, புகார் எண்ணையாவது கொடுங்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் பாக்ஸின் செட்டிங்ஸ். எங்கள் பாக்ஸில் சேனல் பூட்டு வேறு, வாங்குவதற்கான பூட்டு வேறு. இரண்டாவதைத்தான் இயக்க வேண்டும். பின் நம்பர் 0000 என்றே இருந்தது, மாற்றினேன். 1234 வைத்தால் அக்கா மகன் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

ஆண்ட்ராய்டு டிவி என்றால் ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், வாங்கும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். கார்டில் ஓடும் சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை மாதாமாதம் ஓடிபி கேட்காது. ஆனால் பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் அப்பாவின் பழைய போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. வங்கியில் என் எண்ணைக் கொடுத்து மாற்றியாயிற்று.