கரண்ட் போய் வந்தாலும் கேமரா தொலையாமல் இருக்க

கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டிக் கொடுப்பது என் வேலை. எனக்கு வரும் புகார்களில் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, நேத்து கரண்ட் போய் வந்துச்சு. அப்போயிருந்து படம் வரல." போய்ப் பார்த்தால் கேமரா நன்றாகவே இருக்கும். அதன் முகவரிதான் மாறியிருக்கும்.

வைஃபையிலோ கேபிளிலோ சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. போனின் வைஃபை செட்டிங்ஸில் இணைப்பின் பெயரைத் தொட்டால் உங்கள் போனின் எண் தெரியும். 192.168 என்று தொடங்கினால் அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை உள்ளதும் அதே வகை. பக்கத்து வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், ஊருக்கு ஊர் காந்தி தெரு இருப்பதுபோல. ஒன்றோடொன்று மோதாது.

இந்த எண்ணைக் கொடுப்பது ரவுட்டர். அந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். வாடகைக்குத்தான் கொடுக்கும், கிரயம் எழுதித் தராது. கெடு முடிந்தாலோ, ரவுட்டர் அணைந்து எழுந்தாலோ, 192.168.1.7-இல் இருந்த கேமராவுக்கு 192.168.1.12 கிடைக்கலாம். படத்தைப் பதிந்து வைக்கும் ரெக்கார்டர் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். கடைகளில் பிரின்டர் திடீரென்று காணாமல் போவதும் பல சமயம் இதனால்தான்.

ஆகவே இடம் மாறாத பொருளுக்கு எண்ணும் மாறக்கூடாது. போனையும் லேப்டாப்பையும் விட்டுவிடுங்கள். கேமரா, ரெக்கார்டர், பிரின்டர் ஆகியவற்றுக்கு நிலையான எண் கொடுங்கள்.

ஏணியில் ஏறுவதற்கு முன்பே கேமராவின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மேக் முகவரி இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்த 12 இலக்கம், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்தது. தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் அடையாளம் அது. பொடி அச்சில் 8-உம் பி எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். டிஎச்சிபி பக்கத்தில் ரிசர்வேஷன் என்றோ பைண்டிங் என்றோ ஓர் இடம் இருக்கும். இந்த மேக்குக்கு இந்த எண் என்று அங்கே பதிந்து சேமியுங்கள்.

கேமராவுக்குள்ளேயே நேரடியாக எண் போடுவதும் உண்டு. அப்படிச் செய்தால் டிஎச்சிபி வாடகைக்கு விடும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாகப் போடுங்கள். இல்லையென்றால் அதே எண்ணை ரவுட்டர் வேறொரு போனுக்குக் கொடுத்துவிடும், இரண்டும் தடுமாறும். கேட்வே என்ற கட்டத்தையும் மறக்காதீர்கள். ஓர் அரிசி ஆலையில் அதை நான் காலியாக விட்டுவிட்டேன். ஆலைக்குள் படம் பளிச்சென்று வந்தது. சிங்கப்பூரில் இருந்த முதலாளி மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்வேதான் வெளியே போகும் வாசல், அங்கே ரவுட்டரின் எண் இருக்க வேண்டும். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஒரே கம்பெனியின் புதுக் கேமராக்கள் சில ஒரே எண்ணோடு பெட்டியிலிருந்து வரும். அவற்றை ஒவ்வொன்றாக இணைத்து, எண்ணை மாற்றிய பிறகே அடுத்ததை இணையுங்கள். 169.254 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால், ரவுட்டரிடமிருந்து பதில் வராமல் அந்தப் பொருள் தானே வைத்துக்கொண்ட எண் அது. முதலில் கேபிளைப் பாருங்கள்.

வெளியூரிலிருந்து பார்ப்பது தனி விஷயம். நான்கு எண் முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைக் கொடுக்கின்றன. ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது தெரிந்தால் நீங்களும் அந்தக் கூட்டுக்குடித்தனத்தில்தான் இருக்கிறீர்கள். அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கேமராவின் சொந்த ஆப் வழியாகப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் மெயினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஒவ்வொரு பொருளும் பழைய எண்ணிலேயே திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பெட்டிக்குள் ஒட்டுங்கள். நான் அதற்குப் பிறகுதான் ஏணியை மடக்குவேன்.