கிடாயை எந்த எடையில் வெட்டுவது?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில் பினாங்கின் நிபோங் திபால், சுங்கை பாக்காப் ஆட்டுக் கொட்டகைகளில் முதல் கேள்வியே "எத்தனை கிலோ நிக்கும்?" என்பதுதான். வயிற்றில் கிடக்கும் புல்லும் தண்ணீரும் அந்தக் கிலோவில் சேர்த்தி. 30 கிலோ கிடாயை உரித்தால் எலும்போடு 13, 14 கிலோ தேறும்.

வெள்ளாட்டுக்குத் தோலடியில் கொழுப்பு குறைவு. குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித்தான் முதலில் கட்டும். அதனால் அளவு தாண்டி வளர்த்தால் தீவனக் காசு குடலோடு போய்விடும். சின்ன உடம்புள்ள உள்ளூர் இனமான காச்சாங்கை 18–20 கிலோவிலும், பெரிய கறி இனமான போயரின் கலப்பை 30–35 கிலோவிலும் நிறுத்தலாம். தராசைவிடக் கை நம்பகமானது: கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பை அழுத்துங்கள். முனைகள் கூராகக் குத்தினால் இன்னும் தீனி வேண்டும்; அழுத்தித் தேடினால்தான் தட்டுப்படுகிறது என்றால் போதும்.

கடைசி 60 நாள் தீனிதான் கறியைத் தீர்மானிக்கும். 25 கிலோ கிடாய்க்கு ஒரு நாளைக்கு ஆறு வாரத்தில் அறுத்த நேப்பியர் புல் 3 கிலோ, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு 300 கிராம். புண்ணாக்கை 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம்; 5 கிராம் தீவனச் சுண்ணாம்புத் தூள் கலக்காவிட்டால் காயடித்த கிடாய்க்கு மூத்திரக் கல் அடைக்கலாம். பக்கத்தில் செம்மறி இருந்தால் இந்தப் புண்ணாக்கை அதற்குத் தாராளமாகப் போடாதீர்கள்: அதிலுள்ள செம்பு ஈரலில் தேங்கி, ஒருநாள் சிறுநீர் கறுத்துச் சாகும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மொத்தமாகக் கொட்டுவதும் வேண்டாம். வயிறு புளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும்.

வெட்டுவதற்கு 12 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். லாரியில் பழகாத கிடாய்களைச் சேர்த்து ஏற்றினால் முட்டி மோதித் தசையிலுள்ள சர்க்கரைச் சத்தைத் தீர்த்துவிடும். அந்தச் சத்துதான் வெட்டிய பின் புளிப்பாக மாறுவது; அது இல்லாவிட்டால் கறி புளிப்பேறாமல், பி.எச். (புளிப்பு கூடினால் குறையும் அளவு) 6-க்கு மேலேயே நிற்கும்: கறுத்த, பிசுபிசுத்த, சீக்கிரம் கெடும் கறி.

உரித்ததும் ஃப்ரீசரில் திணிப்பதுதான் பெரிய தவறு. கொழுப்புப் போர்வை இல்லாத சின்ன உடம்பு சட்டென்று குளிர்ந்து, செத்த உடம்பு விறைப்பதற்கு முன்பே தசை சுருங்கிவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்தான். முதல் ஆறு மணி நேரம் 10–15 பாகை செல்சியஸில் தொங்கட்டும், பிறகு 4 பாகையில் மறுநாள்வரை.

முடை நாற்றம் கொம்புக்குப் பின்னுள்ள சுரப்பியிலும் தோல் முடியிலும் இருந்தும் கறிக்கு ஏறும். தோலைப் பிடித்த கையையும் கத்தியையும் கழுவாமல் கறியைத் தொடாதீர்கள்.