ரிக் இன்னும் கோமாவில்தான் இருக்கிறாரா? ரசிகர் கோட்பாடு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’, இறந்தவர்களை நடைப்பிணங்களாக எழவைக்கும் ஒரு தொற்றால் அழிந்த உலகைக் காட்டும் தொடர். அதன் முதல் அத்தியாயத்தில், துப்பாக்கிக் குண்டு பாய்ந்து நினைவிழந்து கிடந்த காவல் அதிகாரி ரிக் கிரைம்ஸ், ஜார்ஜியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் கண்விழிக்கிறார். கட்டிலருகே பூக்கள் காய்ந்து கிடக்கின்றன, சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது, கூப்பிட்டால் வர ஆளில்லை. இந்த ஒரு காட்சியிலிருந்து கிளைத்ததுதான் மிகப் பரவலான அந்த ரசிகர் கோட்பாடு: ரிக் கண்விழிக்கவே இல்லை, 11 சீசன்கள், 177 அத்தியாயங்கள் முழுவதும் அவர் கோமாவில் காணும் கனவு. முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்கும் பிடித்திருந்தது. பிறகு தொடரை மறுபடி பார்க்கப் பார்க்க, இக்கோட்பாட்டை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குவதைக் கண்டேன். மாற்று வாசிப்பு என்பது மதிக்கத்தக்க கலை என்று நம்புவதால் அவற்றை இங்கே விளக்குகிறேன். தொடரை முழுதும் பார்க்காதவர்களுக்கு முக்கியத் திருப்பங்கள் சில இதில் வெளிப்பட்டுவிடும்.

கதைசொல்லும் உத்தியைத் துப்பு என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. நாயகன் மருத்துவமனையில் தனியாக விழிப்பது இவ்வகைக் கதைகளுக்குப் பழகிய தொடக்கம். 2002இல் வெளிவந்த ‘28 டேஸ் லேட்டர்’ படமும் அப்படித்தான் தொடங்குகிறது. உலகம் எப்படி அழிந்தது என்பதை விளக்காமல், அழிந்த பிறகான உலகில் பார்வையாளரையும் நாயகனையும் ஒரே அறியாமையோடு இறக்கிவிடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. கவனிப்பாரின்றிக் கிடந்தவர் தண்ணீரில்லாமல் எப்படிப் பிழைத்தார் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அது கதையமைப்பில் உள்ள ஓர் ஓட்டை. ஓட்டை இருக்கும் இடமெல்லாம் இரகசிய வாசல் என்று கொண்டால், எந்தத் தொடரையும் கனவு என்று நிறுவிவிடலாம்.

இதைவிடப் பெரிய தவறு, ஒரு காட்சி யாருடைய பார்வையில் நகர்கிறது என்பதைக் கவனிக்காமல் விடுவது. முதல் அத்தியாயத்திலேயே ரிக் இல்லாத முகாமில் அவருடைய மனைவி லோரியும் நண்பர் ஷேனும் நெருங்கியிருப்பதை நாம் பார்க்கிறோம். ரிக் அதை அறிவது வெகு நாள் கழித்துத்தான். முதல் சீசனின் கடைசி அத்தியாயம், இராணுவ வீரர்கள் மருத்துவமனையில் சுட்டுக்கொண்டிருக்க, ஷேன் ரிக்கின் மார்பில் காதை வைத்துக் கேட்டு, இறந்துவிட்டார் என்று எண்ணி அறைக் கதவுக்குத் தடை வைத்துவிட்டுப் போவதைக் காட்டித் தொடங்குகிறது. நான்காம் சீசனில் ‘கவர்னர்’ என்று அழைக்கப்படும் வில்லனின் அலைச்சலை மட்டுமே பின்தொடரும் அத்தியாயங்கள் உண்டு. 2015இல் தொடங்கிய ‘ஃபியர் தி வாக்கிங் டெட்’ தொடரோ, நாட்டின் மறுகோடியில் லாஸ் ஏஞ்சலஸில், ரிக்கை அறியாத ஒரு குடும்பத்தின் கண்வழியே தொற்றின் முதல் நாள்களைச் சொல்கிறது. ‘கனவு காண்பவர் இல்லாத காட்சிகளும் கனவில் வரலாமே’ என்று இதற்குப் பதில் சொல்வார்கள். வரலாம்தான். ஆனால் சாதகமான காட்சி சான்று, பாதகமான காட்சியும் கனவின் இயல்பு என்று சொல்லத் தொடங்கிய கணத்திலேயே கோட்பாடு சோதனைக்கு அப்பால் போய்விடுகிறது. எந்தக் காட்சியாலும் அசைக்க முடியாத ஒன்றுக்கு எந்தக் காட்சியாலும் வலுச் சேர்க்கவும் முடியாது.

மருத்துவத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் அதைக் கொஞ்சம் படித்துவிட்டு அழைப்பது நல்லது. கோமா என்பது ஆழ்ந்த உறக்கம் அன்று. விழிப்புணர்வே இல்லாத நிலை. பெரும்பாலும் அது சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரைதான் நீடிக்கும். அதன்பின் நோயாளி மெல்ல மீள்வார், அல்லது கண் திறந்திருந்தும் உணர்வற்ற நிலைக்குச் செல்வார், அல்லது இறந்துபோவார். ஆண்டுக்கணக்கில் கோவையாக நீளும் கனவுக்கு அங்கே இடமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஏற்படும் மனக்குழப்ப நிலையில்தான் துன்புறுத்தும் மாயத்தோற்றங்களும், யாரோ தம்மைக் கொல்ல வருவது போன்ற அச்சமும் தோன்றுகின்றன. கோட்பாட்டை இந்த நிலையின் மேல் கட்டியிருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் வலு கிடைத்திருக்கும்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. இரண்டாம் சீசனின் ஏழாம் அத்தியாயத்தில், பல நாள்களாக எல்லோரும் காட்டில் தேடித் திரிந்த சிறுமி சோஃபியா, பண்ணைக்காரர் ஹெர்ஷலின் களஞ்சியத்திலிருந்து நடைப்பிணமாக வெளியே வருகிறாள். மற்றவர்கள் உறைந்து நிற்க, ரிக் முன்னே சென்று சுடுகிறார். இதைக் கனவு என்று சொல்லிவிட்டால் சோஃபியாவின் தாயின் அழுகை எங்கே போகிறது? மாற்று வாசிப்பு ஒன்றை எழுதி முடித்ததும் இத்தகைய காட்சி ஒன்றின் அருகில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். காட்சியின் கனம் கூடினால் வாசிப்பு வேலை செய்கிறது. கனம் கரைந்தால், புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் இருந்ததை அழித்திருக்கிறோம்.

மூலச் சித்திரக்கதையையும் தொலைக்காட்சித் தொடரையும் ஒன்றாகக் கலப்பதும் அடிக்கடி நிகழ்கிறது. ராபர்ட் கிர்க்மன் எழுதிய சித்திரக்கதை 2003 முதல் 2019 வரை 193 இதழ்கள் வந்தது. அதில், தொடரின் முக்கியப் பாத்திரமான டேரில் கிடையவே கிடையாது, அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு யாரும் போவதில்லை, சோஃபியா சாவதில்லை, தொடரின் எட்டாம் சீசனில் இறக்கும் ரிக்கின் மகன் கார்ல் சித்திரக்கதையில் இறுதிவரை வாழ்கிறான். ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குப் பொருத்த முடியாது. 75ஆம் இதழில் வேற்றுக்கிரகவாசிகள் வரும் வண்ணக் கதை விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. தொற்றுக்குக் காரணம் என்ன என்று கேட்டவருக்கு, விண்வெளி ஸ்போர் (நுண்வித்து) என்று கிர்க்மன் ட்விட்டரில் இரண்டே சொற்களில் சொன்ன பதிலும் அவ்வகையே.

நீல நிறப் போதைப் படிகம் தயாரிக்கும் ஆசிரியர் ஒருவரின் கதையான ‘பிரேக்கிங் பேட்’ தொடரோடு இணைக்கும் கோட்பாடு இன்னொரு வகைச் சறுக்கல். இரண்டாம் சீசனில் டேரிலின் அண்ணன் மெர்ல் வைத்திருந்த போதைப்பொருள் பையில் நீலப் படிகங்கள் தெரிகின்றன. முதல் சீசனில் ரிக்கின் குழுவைச் சேர்ந்த கிளென் ஓட்டும் சிவப்பு சேலஞ்சர் காரைப் போன்ற ஒன்று அந்தத் தொடரிலும் உண்டு. இரண்டும் ஒரே தொலைக்காட்சியில் வந்த தொடர்கள். ஒன்று மற்றொன்றைப் பார்த்துக் கண்ணடிப்பதில் வியப்பில்லை. கண்டு மகிழ வேண்டிய சைகைகள் அவை, நீலப் படிகத்திலிருந்துதான் தொற்று பிறந்தது என்ற முடிவைத் தாங்கும் தூண்கள் அல்ல.

படைப்பாளியின் சொல்லை என்ன செய்வது? ரிக் கோமாவில் இல்லை என்று கிர்க்மன் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். கோட்பாட்டை எழுதுகிறவர் அதை மறைப்பது நேர்மையன்று. அந்த மறுப்போடு பேச்சு முடிந்தது என்று கருதவும் தேவையில்லை. கதையில் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லலாம், நடந்தது எதை உணர்த்துகிறது என்பதைப் பார்ப்பவரும் சொல்லலாம்.

அப்படிச் சொல்வதற்கு இந்தத் தொடரே இடம் தருகிறது. ஐந்தாம் சீசனின் பத்தாம் அத்தியாயத்தில், புயலுக்கு ஒதுங்கிய களஞ்சியத்தில், போருக்குச் சென்ற தன் தாத்தா ஒவ்வொரு காலையும் தான் ஏற்கெனவே இறந்துவிட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டுதான் எழுந்தார் என்று ரிக் நினைவுகூர்கிறார். நாமும் நம்மை அப்படித்தான் எண்ணிக்கொள்ள வேண்டும் என்கிறார். நாம் அவர்கள் அல்ல, அதாவது அந்த நடைப்பிணங்கள் அல்ல என்று டேரில் மறுத்துவிட்டு நகர்கிறார். எல்லோருக்குள்ளும் அந்தத் தொற்று ஏற்கெனவே இருக்கிறது என்பது இரண்டாம் சீசனின் முடிவில் தெரிந்துவிட்ட செய்தி. உயிரோடு இருந்தும் வாழாதவரைக் குறிக்கத் தமிழில் நெடுங்காலமாக ‘நடைப்பிணம்’ என்ற சொல் இருப்பதால், இந்த இரட்டைப் பொருள் நமக்கு உடனே பிடிபடுகிறது. ‘நடக்கும் பிணங்கள்’ என்று பொருள்படும் தலைப்பு சுட்டுவது உயிருள்ளவர்களையே என்ற வாசிப்பு எந்தக் காட்சியையும் பொய்யாக்காமல் எல்லாக் காட்சிகளோடும் உரையாடுகிறது.

கோமாவையும் இந்த அளவுக்குச் சுருக்கி எழுதினால் அது உயிர்பெறும். 2018 நவம்பர் 4 அன்று ஒளிபரப்பான ஒன்பதாம் சீசனின் ஐந்தாம் அத்தியாயத்தில், உயிருக்குப் போராடும் ரிக், முதல் நாளில் கிடந்த அதே கட்டிலில் தன்னையே பார்க்கிறார். இறந்துபோன ஷேனோடும் ஹெர்ஷலோடும் சாஷாவோடும் பேசுகிறார். அவர் மனம் அந்த அறையைவிட்டு முழுதாக வெளியேறவில்லை என்று சொல்ல இந்தக் காட்சி துணைநிற்கும். உலகமே அந்த அறைக்குள் இருக்கிறது என்று சொல்லத் துணைநிற்காது. ஏனெனில் அதன்பின் அவரை ஒரு ஹெலிகாப்டர் கொண்டுபோய்விட, தொடர் இன்னும் 57 அத்தியாயங்கள் நடக்கிறது. அவர் மீண்டும் தென்படுவது கடைசி அத்தியாயத்தின் இறுதியில்தான். இடையில், பத்தாம் சீசனில், ரிக்கின் துணைவி மிஷோன் ஒரு தீவில் அவருடைய காலணிகளையும், தன் முகமும் மகள் ஜூடித்தின் முகமும் கீறி வரையப்பட்ட ஒரு கைபேசியையும் கண்டெடுக்கிறார். கோமாக் கோட்பாட்டைப் புதிதாக எழுத விரும்புகிறவர் காய்ந்த பூக்களை விட்டுவிட்டு அந்தக் கைபேசியிலிருந்து தொடங்கிப் பார்க்கட்டும்.