ஃபைபர் அறுந்தால் 4ஜிக்குத் தானாக மாறும் ரவுட்டர்: கிளை அலுவலகத்துக்கான செய்முறை

கிளை அலுவலகத்தில் ஃபைபர் போனால் பில் போட முடியாது, தலைமை அலுவலக சர்வரும் எட்டாது. கூடவே ஒரு 4ஜி இணைப்பை வைத்து, மாறும் வேலையை ரவுட்டரிடமே விட்டுவிடலாம். இரண்டாவதையும் ஃபைபராக வாங்கலாம்தான். ஆனால் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் சேர்ந்தே அறுந்துபோகும். இந்தச் செய்முறை மைக்ரோடிக் நிறுவன ரவுட்டருக்கு, அதன் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-இல், அதை அமைக்க உதவும் வின்பாக்ஸ் மென்பொருள் வழியாக.

படி 1: ஃபைபர் மோடத்தை ஈதர்1-இலும் 4ஜி கருவியை ஈதர்2-இலும் செருகுங்கள். மோடத்தின் முகவரி 192.168.1.1, 4ஜி கருவியுடையது 192.168.8.1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முகவரிகளும் ஒரே நெட்வொர்க் வரிசையில் (சப்நெட்) இருக்கக் கூடாது. ஈதர்2 பிரிட்ஜில் (உள் நெட்வொர்க் போர்ட்களின் தொகுப்பு) இருந்தால் வெளியே எடுத்து, 'வான்' (WAN, வெளி இணைப்புகள்) பட்டியலில் சேருங்கள். ஆரம்ப அமைப்பிலுள்ள நாட் விதி (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது.

படி 2: இரண்டு போர்ட்டிலும் டிஎச்சிபி கிளையன்ட் (முகவரியைத் தானாகக் கேட்டு வாங்குவது) வேண்டும். அதில் 'ஆட் டீஃபால்ட் ரவுட்', 'யூஸ் பியர் டிஎன்எஸ்' இரண்டையும் 'நோ' ஆக்குங்கள். வழிகளையும் டிஎன்எஸ்ஸையும் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) கீழே நாமே கொடுக்கப்போகிறோம்.

படி 3: இதுதான் முக்கியம். பலர் கேட்வேயாக (வெளியே போகும் வாசல்) 192.168.1.1-ஐக் கொடுத்து, செக் கேட்வேயில் பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது) போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அப்போது ரவுட்டர் விசாரிப்பது மேசையில் இருக்கும் மோடத்தை. தெருவில் கேபிள் அறுந்தாலும் மோடம் 'இருக்கேன்' என்றுதான் சொல்லும். லைன் மாறவே மாறாது. மோடத்தைத் தாண்டி வெளியே இருக்கும் ஒரு முகவரியைக் கேட்க வேண்டும். இங்கே அது கூகுளின் 8.8.8.8. ஐபி, ரவுட்ஸ் பக்கத்தில் மூன்று வழிகளைச் சேருங்கள் (0.0.0.0/0 என்றால் எல்லா முகவரிகளும்; டிஸ்டன்ஸ் குறைந்த வழிக்கே முன்னுரிமை; ஸ்கோப் எண்கள் 8.8.8.8-ஐ முதல் வரியின் வழியாகத் தேட வைக்கின்றன):

8.8.8.8/32 – கேட்வே 192.168.1.1, ஸ்கோப் 10.
0.0.0.0/0 – கேட்வே 8.8.8.8, டிஸ்டன்ஸ் 1, டார்கெட் ஸ்கோப் 11, செக் கேட்வே பிங்.
0.0.0.0/0 – கேட்வே 192.168.8.1, டிஸ்டன்ஸ் 2.

ரவுட்டர் 10 விநாடிக்கு ஒருமுறை பிங் செய்யும். இரண்டு முறை பதில் வராவிட்டால் டிஸ்டன்ஸ் 1 வழியைக் கைவிட்டு, டிஸ்டன்ஸ் 2-க்குப் போகும். ஃபைபர் திரும்பினால் தானே பழைய வழிக்கு வந்துவிடும்.

ஒரு விஷயம்: 8.8.8.8 இப்போது ஃபைபர் வழியாக மட்டுமே போகும். அதையே டிஎன்எஸ் ஆகவும் வைத்தால், 4ஜிக்கு மாறிய பிறகு ஒரு தளமும் திறக்காது. டிஎன்எஸ்ஸுக்கு 1.1.1.1 போடுங்கள்.

படி 4: சோதனை. ஈதர்1 வயரைப் பிடுங்கிப் பார்ப்பது போதாது. அப்படிச் செய்தால் தவறாக அமைத்த ரவுட்டரும் 4ஜிக்கு மாறிவிடும். மோடத்துக்கு வரும் ஃபைபர் வயரைக் கழற்றி, அரை நிமிடம் காத்திருங்கள். பிரவுசர் ஓடி, ஐபி போன் மட்டும் ஊமையாக இருந்தால் பழைய கனெக்‌ஷனில் ஃபைபர் பக்கத்துப் பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபயர்வால், கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் அந்தப் போனின் வரிகளை அழித்தால் சரியாகிவிடும்.

அப்புறம் விபிஎன் (இரண்டு அலுவலகங்களையும் இணையம் வழியே இணைக்கும் பாதுகாப்பான தடம்). 4ஜியில் பெரும்பாலும் பொது ஐபி (வெளியிலிருந்து நேரே எட்டும் முகவரி) கிடைக்காது, தலைமை அலுவலகத்திலிருந்து கிளையை அழைக்க முடியாது. கிளைதான் அழைக்க வேண்டும். விபிஎன் வயர்கார்டு வகை என்றால் கிளைப் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (தடம் மூடாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு தகவல்) 25 விநாடி வையுங்கள்.